மறுத்தவர்களின் பட்டியல்

அந்த வேலைக்கு நான் போனதற்குக் காரணம் என் முதுகு. வார்டில் இருபத்தெட்டு வருடம் நர்ஸாக இருந்து, நோயாளிகளைத் தூக்கியும் புரட்டியும் கீழ்முதுகில் வட்டு விலகிவிட்டது. இனிமேல் பாரம் தூக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியவில்லை. பிரிக்பீல்ட்ஸில், எங்கள் அடுக்குமாடியிலிருந்து பத்து நிமிட நடையில், கடைவீடு ஒன்றின் இரண்டாம் மாடியில் சின்ன அலுவலகம் இருந்தது. அங்கே ஒப்பந்தத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கூட வேலை பார்த்தவள் சொன்னாள். போனேன். உட்கார்ந்து செய்கிற வேலை என்றார்கள். அது பாதிதான் உண்மை.

முன்னாள் ராணுவத்தினருக்கு இலவச உடல் பரிசோதனை செய்யும் திட்டம் ஒன்று சில வருடங்களாக மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு மண்டபத்தில் மேசைகள் போட்டு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கண், மலப் பரிசோதனை எல்லாம் எடுப்பார்கள். ஏதாவது சரியில்லை என்று வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக் கடிதம் அனுப்புவார்கள், ஃபோன் செய்வார்கள். அந்தத் திட்டத்தால் உண்மையிலேயே பலன் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் அலுவலகத்துக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு. பொறுப்பாளர் ஒரு பெண் டாக்டர். கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னை அக்கா என்பார், நான் அவரை டாக்டர் என்பேன்.

முதல் நாள் அவர் என்னிடம் ஒரு கனத்த கோப்பைக் கொடுத்தார். பரிசோதனையில் கோளாறு தெரிந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்களின் பட்டியல். ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக ஒரு காரணம் பதிவாகியிருந்தது. தொடர்பு கிடைக்கவில்லை, இறந்துவிட்டார், வேறு இடத்தில் பார்த்துக்கொண்டார், மறுத்தார். இந்த நான்கில் ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் அதிகமாக இருந்தது 'மறுத்தார்' என்பதுதான்.

"இவங்க ஏன் மறுக்கிறாங்கன்னு தெரியணும்க்கா" என்றார் டாக்டர். "நோய் இருக்குன்னு சொல்லியும் போகலன்னா ஏதோ காரணம் இருக்கும் இல்லையா? பயமா, தூரமா, நம்பிக்கை இல்லையா? வீட்டுக்கே போயிக் கேட்டுட்டு வாங்க."

இரண்டு பக்கக் கேள்வித்தாள் ஒன்றும் தயாராக இருந்தது. 'நீங்கள் மறுத்ததற்கு முக்கியக் காரணம் என்ன?' என்று தொடங்கும். எனக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. வார்டில் எத்தனை பிடிவாதக்காரக் கிழவர்களைப் பார்த்திருக்கிறேன். அதிலும் ராணுவத்தில் இருந்தவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் ஐந்து மாதம் ரயிலும் பஸ்ஸும் வாடகைக் காருமாகப் போயிற்று. பட்டியலில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், கொஞ்சம் சீனர்கள், அங்கங்கே நம்மவர்கள். வெயிலில் போய் நின்றால் சிலர் கோப்பி கொடுப்பார்கள். சிலர் கதவையே திறக்கமாட்டார்கள். ஜெஞ்சாரோமில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டுக்கு இரண்டு மணி நேரம் அலைந்து போய்ச் சேர்ந்தேன். வாசலுக்கு வந்த அம்மா கேள்வித்தாளைப் பார்த்துவிட்டு, "அவரு போயி ஆறு மாசம் ஆச்சேம்மா. போன மாசம்கூட ஒரு பொண்ணு ஃபோன் பண்ணி அவரைக் கூப்பிடச் சொல்லுச்சு. நான் என்ன சொல்றது?" என்றார். அவருடைய கணவர் பெயருக்கு நேராக 'மறுத்தார்' என்றுதான் இருந்தது. நான் அதை அடித்துவிட்டு 'இறந்துவிட்டார்' என்று எழுதினேன். அந்த அம்மா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் விழுந்துவிடுவேன். என் வீட்டுக்காரர், "இதுக்கு வார்டே தேவலாம் போலிருக்கே" என்பார். அது உண்மைதான். வார்டில் களைத்துப் போனாலும் நாலு பேருக்கு மருந்து கொடுத்தோம், கட்டுப் போட்டோம் என்று இருக்கும். இங்கே கேட்பதும் எழுதுவதும் மட்டும்தான். எதையும் தொடக்கூடாது என்பது விதி. மதிப்பீடு செய்கிறவர் நடுவில் புகுந்து உதவி செய்தால் கணக்கு கெட்டுப்போகுமாம். டாக்டர் இதை முதல் வாரமே எனக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

கிள்ளானை ஒட்டிய பண்டமாரானுக்கு நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. துறைமுகத்து லோரிகள் ஓயாமல் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வரிசை வீடு. பட்டியலின்படி அந்த வீட்டுக்காரருக்கு எழுபத்து மூன்று வயது. பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். மலப் பரிசோதனையில் ரத்தம் தெரிந்திருந்தது. குடலில் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று கடிதம் போயிருந்தது. மூன்று முறை ஃபோன் செய்திருக்கிறார்கள். மூன்றாவது அழைப்புக்குக் கீழே, 'தாக் அப்பா என்று சொல்லி வைத்துவிட்டார்' என்று குறிப்பு. மலாயில் தாக் அப்பா என்றால் பரவாயில்லை, வேண்டாம் என்று அர்த்தம். அதனால் மறுத்தார். கடிதம் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு. நான் கேட்டுக்கு வெளியே நின்று, "அங்கிள்" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கேட்டைத் தட்டினேன். பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. அதற்கும் திரும்பவில்லை. எனக்குக் கோபமே வந்துவிட்டது. வேண்டாம் என்றால் நேரே சொல்லிவிட்டுப் போகலாமே, வெயிலில் ஒரு பொம்பளையை நிற்க வைக்க வேண்டுமா? கேள்வித்தாளில் 'பேச மறுத்தார்' என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று பேனாவை எடுத்தேவிட்டேன்.

அப்போதுதான் அவர் வாளித் தண்ணீரை ஊற்றுவதற்காகத் திரும்பினார். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டுப் போனார்.

"யாரும்மா? ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"உடல் பரிசோதனைத் திட்டத்துல இருந்து வரேன் அங்கிள். ஒரு நர்ஸ்" என்றேன்.

"ஆச்சு ஆச்சு, பசியாறியாச்சு. நீங்க உள்ள வாங்க."

உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர் என் வாயையே பார்த்தார். நான் கேள்வித்தாளைத் திறந்து முதல் கேள்வியைக் கேட்டேன். "மக துறைமுகத்து கோடவுன்ல வேலை செய்யுது" என்றார். மறுபடி கேட்டேன். தலையாட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வார்டில் காது கேளாதவர்கள் எல்லாரும் அப்படித்தான் சிரிப்பார்கள். என்ன கேட்டார்கள் என்று தெரியாது. ஆனால் மரியாதை குறையக்கூடாது. அப்போது ஒரு சிரிப்பு வரும்.

நான் கேள்வித்தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதினேன்: 'உங்களுக்குக் காது கேட்கிறதா?'

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தார்.

"இந்தப் பக்கம் சுத்தமா இல்ல மிஸ்ஸி" என்று இடது காதைத் தொட்டார். மலேசியாவில் அந்தத் தலைமுறைக்கு நர்ஸ் என்றால் மிஸ்ஸிதான். "இந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேக்கும். ஆளு எதுக்க இருந்து பேசுனா வாயப் பாத்து பாதி புரிஞ்சிக்குவேன். பீரங்கிக்குப் பக்கத்துலயே பத்தொன்பது வருஷம். அப்பல்லாம் காதுக்கு எதுவும் குடுக்க மாட்டாங்க. நாங்களே சிகரெட்டு ஃபில்டரப் பிச்சு அடைச்சிக்குவோம்."

'பரிசோதனை அன்று காதைப் பார்க்கவில்லையா?' என்று எழுதினேன்.

"அங்க காதுக்கு மேச இல்லையே. கடைசி மேசையில ஒரு பொண்ணு என்னமோ கேட்டுச்சு. வேற ஏதாச்சும் பிரச்சன இருக்கான்னு கேட்டிருக்கும். அதுதான் எனக்குக் கேக்கலையே. இல்லன்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடிதம் வந்ததா என்று எழுதிக் கேட்டேன். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். அதில் அவருடைய ராணுவச் சான்றிதழ்களோடு அந்தக் கடிதமும் இருந்தது. பலமுறை மடித்துப் பிரித்த கடிதம். எந்த நாள் வர வேண்டும் என்று கடிதத்தில் குறிக்கவில்லை. உங்கள் பரிசோதனை முடிவின்படி குடலில் மேலும் சோதனை தேவைப்படுகிறது, கீழ்க்கண்ட எண்ணுக்கு அழைத்து நேரம் பெற்றுக்கொள்ளவும் என்று மலாயில் இருந்தது. கீழே ஒரு தொலைபேசி எண்.

"படிச்சீங்களா?" என்று வாயை அகலத் திறந்து கேட்டேன்.

"படிக்காம? மலாய் எனக்குத் தமிழவிட நல்லா வரும். அன்னைக்கே ஃபோன் பண்ணேன். யாரோ எடுத்தாங்க. பேசுனாங்க. யா, யான்னு சொன்னேன். வச்சிட்டாங்க. அப்புறம் அவங்களே ரெண்டு மூணு தடவ கூப்புட்டாங்க. ஹேன்ட்போன் நடுங்கும், எடுப்பேன். என்ன கேக்குறாங்கன்னு தெரியல. ஒரு பொண்ணு ரொம்ப நேரம் பேசுச்சு. பாவம், நம்மளால அதுக்குக் கஷ்டம்னு, தாக் அப்பா, தாக் அப்பான்னு சொல்லி வச்சிட்டேன்."

"மகள்கிட்ட சொல்லலையா?"

இது அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். "அது ஷிஃப்ட் முடிச்சு வந்து படுத்தா எழுப்ப மனசு வரல. இதையெல்லாமா ஒரு பொம்பளப் புள்ளகிட்ட சொல்றது?"

ரத்தம் போகிறதா என்று எழுதினேன். போகிறது என்றார். மூலம் என்று நினைத்தாராம். எத்தனை நாளாக என்றதற்குக் கணக்குத் தெரியாது என்றார். அவர் எழுந்து நின்றபோது இடுப்பைப் பார்த்தேன். பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு துளை போட்டிருந்தார். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது. தொடக்கூடாது என்ற விதி எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஞாபகம் வந்தது. இருந்தாலும் பார்த்தேன்.

வெளியே வந்து டாக்டருக்கு ஃபோன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஐயோ" என்றார். பிறகு, "அக்கா, நாம மதிப்பீடு பண்றவங்க. விவரத்த எழுதிக் குடுங்க, திட்டத்துக்காரங்களுக்கு நான் அனுப்புறேன். அவங்க கூப்பிடுவாங்க" என்றார்.

"எப்படிக் கூப்பிடுவாங்க டாக்டர்?"

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். போகவில்லை.

"சரி லா" என்றார் கடைசியில். "நீங்களே அழைச்சிட்டுப் போங்க. ஆஸ்பத்திரியில எனக்குத் தெரிஞ்ச ஒரு சர்ஜன் இருக்காரு, பேசுறேன். இந்த ஆள நம்ம கணக்குல இருந்து எடுத்துடுறேன். கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

மகள் வேலை முடிந்து வரும்வரை அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். பாதுகாப்புக் காலணியைக் கழற்றிக்கொண்டே, யார் இந்த ஆன்டி என்பது போலப் பார்த்தாள். நான் கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தாள். மேலே கடிதம் எழுதிய தேதியைப் பார்த்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"ஒன்றர வருஷம்பா" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. அவருடைய தோளைப் பிடித்துத் தன் முகத்தைப் பார்க்கத் திருப்பி, "ஒன்றர வருஷம்! என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கத்தினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே காத்திருந்த நேரத்தையெல்லாம் சேர்த்தால் எவ்வளவு வருமோ தெரியாது. மூன்று முறை போக வேண்டியிருந்தது. வரிசை எண்ணை ஒலிபெருக்கியில்தான் கூப்பிட்டார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் யாராவது எழுந்தால் தானும் பாதி எழுந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்காருவார். நான் உடன் இல்லாவிட்டால் அவர் அந்த நாற்காலியிலேயே சாயங்காலம்வரை இருந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். அவர் வரவில்லை என்று எங்கோ ஒரு தாளில் பதிவாகியிருக்கும்.

குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடலில் கட்டி இருந்தது. புற்றுதான். குடலின் சுவரைத் தாண்டிப் பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருந்தது, ஈரலுக்குப் போகவில்லை. சர்ஜன் எங்களை உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னார். முன்பே வந்திருந்தால் சின்ன ஆப்பரேஷனோடு போயிருக்கும் என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். மகள் நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் அப்பாவுக்காக எழுதிக்கொண்டு வந்தவள், அந்த ஒரு வரியை எழுதவில்லை.

அவர் மகள் எழுதியதைப் படித்து முடித்துவிட்டு, "வெட்டி எடுத்துடலாம்ல?" என்று மட்டும் கேட்டார்.

எடுத்தார்கள். மலம் வெளியேற வயிற்றில் ஒரு பை வைத்தார்கள். ஆப்பரேஷன் முடிந்து மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். வார்டு வாசனை பட்டதும் எனக்குப் பழைய வேலை கையில் வந்துவிட்டது. பையை எப்படிக் கழுவுவது, தோலை எப்படித் துடைப்பது என்று மகளுக்குக் காட்டிக் கொடுத்தேன். வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் அவள் என்னிடம், "ஆன்டி, அந்த ஃபோன் பண்ண பொண்ணு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியும். குறிப்பின் கீழே பெயர் இருந்தது. நான் தெரியாது என்றேன்.

"தெரிஞ்சா சொல்லுங்க. திட்டுறதுக்கு இல்ல. ஒரு தடவ பாக்கணும்."

அந்தப் பெண்ணை நான் பார்த்திருந்தேன். பரிசோதனைத் திட்டத்தின் அலுவலகத்தில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை ஃபோன் செய்கிற நாலு பெண்களில் ஒருத்தி. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு. 'தாக் அப்பா' என்று ஒருவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள். அவள் எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை சொல்லவும் இல்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் டாக்டரிடம், மறுத்தவர்கள் பட்டியல் முழுவதையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றேன். அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"அக்கா, அறிக்கை குடுக்க ஆறு வாரம்தான் இருக்கு. கணக்கெல்லாம் முடிச்சுப் பூட்டியாச்சு. இப்ப போயி இந்தக் காரணமே தப்புன்னா நாம எழுதுன பாதி அத்தியாயம் போயிடும்."

"ஒருத்தரு இப்படின்னா, இன்னும் எத்தன பேரோ?"

"எனக்கும் தெரியும். தெரியாமலா சொல்றேன்?"

எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே நடைபாதையில், பார்வையற்றவர்களுக்காகப் பதித்த மஞ்சள் தடத்தில் குச்சியைத் தட்டிக்கொண்டு ஒருவர் நடந்து போனார். டாக்டருக்கு அந்த வருடம் அம்மா படுத்த படுக்கை. காலையில் அம்மாவுக்குச் செய்துவிட்டு வருவார், சாயங்காலம் ஓடுவார். அவர் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு எனக்குத் தெரியாததல்ல. பிறகு என் பக்கம் திரும்பி, "ஃபோன்ல கேக்காதீங்க. நேர்ல போங்க" என்றார்.

போனேன். ஆறு வாரத்தில் முடிந்த அளவு. டாக்டரும் சனி ஞாயிறுகளில் தன் காரை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போனார். உண்மையிலேயே மறுத்தவர்களும் இருந்தார்கள். கிள்ளானில் ஒருவர் கேட்டைப் பிடித்தபடி மலாயில், "எனக்கு ஊசி போட்டது போதும், கத்தி வைத்தது போதும். நான் இருக்கிறவரை இருக்கிறேன், நீங்கள் போங்கள்" என்றார். அது மறுப்பு. மரியாதையாக எழுதிக்கொண்டேன். ஒருவர் ஃபோன் எண்ணை மாற்றியிருந்தார். பழைய எண்ணை இப்போது வைத்திருக்கிற யாரோ, வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஒருவர் மனைவிக்கு முன்னால் பேசப் பிடிக்காமல் வேண்டாம் என்றிருக்கிறார். காது கேளாதவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். பீரங்கி, கவச வண்டி, வெடி வைக்கிற பிரிவு. ஒருவர் வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் சோபாவில் அமைதியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை கண்ணைத் தின்ன ஆரம்பித்திருந்தது. இனி வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் அவரால் முடியாது.

அறிக்கையை ஒரு கூட்டத்தில் கொடுத்தோம். குளிர்சாதன அறை. கறிப்பாப் பலகாரமும் தேநீரும். டாக்டர் நின்று பேசினார். 'மறுத்தார்' என்ற பிரிவை நம்ப முடியாது, முதல் மேசையிலேயே காதைச் சோதிக்க வேண்டும், கடிதத்திலேயே நாளும் நேரமும் குறித்து அனுப்ப வேண்டும், ஃபோனை மட்டும் நம்பக்கூடாது என்றார். திட்டத்து ஆட்கள் கெட்டவர்கள் அல்ல. கவனமாகத்தான் கேட்டார்கள். அதில் ஒருவர், "அப்படிப்பட்டவர்கள் மொத்தத்தில் கொஞ்சம் பேர்தானே?" என்று கேட்டார். டாக்டர், "நாங்கள் பார்த்ததில் கொஞ்சம் பேர். மற்றவர்களை நாங்கள் பார்க்கவில்லை" என்றார். கேட்டவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். பண்டமாரான் அங்கிள் அந்த அறிக்கையில் எங்கேயும் இல்லை. அவரைத்தான் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோமே.

அடுத்த சுற்றிலிருந்து கடிதத்தில் நாளும் நேரமும் அச்சாகி வந்தன. அது நடந்தது. காதுக்கு மேசை வரவில்லை. கருவி வாங்க வேண்டும், ஆள் பழக வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். என் ஒப்பந்தமும் அதோடு முடிந்தது. டாக்டர் வேறு ஒரு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போனார். போகும்போது என்னிடம் ஒரு சேலையைக் கொடுத்து, "உங்களுக்கு ரொம்ப வேல வச்சிட்டேன்க்கா" என்றார். நான், அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் டாக்டர், என்றேன். இருவரும் சிரித்துக்கொண்டோம்.

இப்போது நான் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் காலை நேரத்தில் பதிவு மேசையில் இருக்கிறேன். தூக்குகிற வேலை இல்லை.

பண்டமாரான் அங்கிள் இருக்கிறார். மருந்து ஏற்றிய மாதங்களில் படாத பாடு பட்டார். வாய் முழுக்கப் புண், நகமெல்லாம் கறுத்துவிட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். பையை எடுத்துவிட்டுக் குடலைச் சேர்த்துத் தைத்தார்கள். மகள் அலைந்து திரிந்து அவருக்குக் காதுக் கருவி வாங்கி மாட்டினாள். இரண்டு நாள் போட்டுவிட்டுக் கழற்றி வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டால், "எல்லாரும் ரொம்பச் சத்தம் போடுறீங்க மிஸ்ஸி" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கு மட்டும் மகளுக்குப் பயந்து போட்டுக்கொள்வார்.

சில மாதத்துக்கு ஒருமுறை அவருக்குப் பரிசோதனை இருக்கும். மகளுக்கு லீவு கிடைக்காவிட்டால் எனக்குச் செய்தி அனுப்புவாள். நானும் என் வேலையில் லீவு கேட்டுப் போகிறேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. சில நாள் போக மனமே இருக்காது. முதுகு வலிக்கும், ரயிலில் நிற்க வேண்டியிருக்கும், அந்தக் காத்திருக்கும் கூடத்தை நினைத்தாலே உடம்பு கனக்கும். இருந்தாலும் புறப்பட்டுவிடுவேன். அவர் வாசலில் சட்டையை உள்ளே விட்டு, தலையைப் படிய வாரி, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரத்துக்கு முன்பே நிற்பார்.

போன முறை ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதை நான் தாளில் எழுதிக் காட்டினேன். 'சுத்தமாக இருக்கிறது' என்று. அவர் படித்துவிட்டு, "நல்லா பாத்தாங்களா?" என்றார். பார்த்தார்கள் என்று தலையாட்டினேன். மருந்து வாங்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அப்புறம் கிள்ளானில் ஒரு வாழையிலைக் கடைக்குப் போனோம். அவர் ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார், கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்படிச் சத்தமாக. சாப்பிட்டு முடித்ததும், "நீங்க போங்க மிஸ்ஸி, எனக்கு பஸ் தெரியும்" என்றார். பஸ் வரும்வரை நின்றேன். அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் போய்விட்டது. ரயில் நிலையத்துக்கு நடக்க வேண்டும். அங்கேயே நிறுத்தத்துப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து காலை நீவிவிட்டுக்கொண்டேன்.